குழி தேடும் வண்டிகள்

'நெரிசெல்' என்று ஒரு கருவியமைப்பு உண்டு. பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிரசாந்த் மோகன், வெங்கட பத்மநாபன், ராமச்சந்திரன் ராம்ஜி ஆகிய மூவர் 2008-ஆம் ஆண்டு அதனை உலகுக்கு அறிமுகப்படுத்தினர். வண்டியில் செல்பவரின் சட்டைப்பையில் கிடக்கும் கைத்தொலைபேசியே சாலையின் குண்டு குழிகளையும், திடீர் பிரேக்கையும், ஹாரன் ஓசையையும் உணர்ந்து, எந்த இடத்தில் சாலை கெட்டிருக்கிறது, எங்கே வாகனங்கள் தேங்கி நிற்கின்றன என்று சொல்லிவிடும். அந்தப் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஆம், நம்முடைய 'நெரிசல்'தான். தமிழில் கலைச்சொல் போதுமா போதாதா என்று நாம் பட்டிமன்றம் நடத்திக் கொண்டிருக்கையில், ஒரு சாதாரணத் தமிழ்ச்சொல் சத்தமில்லாமல் உலகக் கணினி மாநாட்டு மேடையில் ஏறி இறங்கிவிட்டது.

பெயரை எண்ணிப் பெருமைப்பட்டு அத்தோடு நின்றுவிடலாம். ஆனால், அக்கருவி செய்த வேலைதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. ஓடும் வாகனமே சாலையைச் சோதிக்கும் இந்தத் தொழில்நுட்பம் ஏறக்குறைய இருபது ஆண்டுப் பழையது. பல ஊர்கள் இதனைச் செய்து பார்த்துவிட்டன. அவற்றின் வெற்றியும் இடறலும் நம் கண்முன் இருக்கின்றன. பினாங்கு இதனை எப்படிச் செய்ய வேண்டும் என்பதில் எனக்குத் திடமான ஒரு கருத்து உண்டு. தனியார் கார்களிலிருந்தோ, பொதுமக்களின் கைத்தொலைபேசியிலிருந்தோ தொடங்கக்கூடாது. பேருந்திலும் குப்பை லாரியிலும் தொடங்க வேண்டும். அதற்கும் முன்பாக, யார் யார் சேர்ந்து செய்வது, கிடைக்கும் தகவல் யாருக்குச் சொந்தம் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். இதன் உயிர்நாடி முடுக்கமானி என்னும் சிறு உணரி. (படிவம் நான்கில் 'பெச்சுத்தான்' என்று மலாயில் படித்தோமே, அதுதான் முடுக்கம். அதை அளப்பது முடுக்கமானி.) நாம் கைத்தொலைபேசியைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதல்லவா? அதைச் செய்வது இந்த உணரிதான். இதனை வண்டியில் பொருத்திவிட்டால், சக்கரம் குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் மேலும் கீழுமான அசைவு ஒரு கூர்மையான கோடாகப் பதிவாகும். அதே நொடியில் செயற்கைக்கோள் வழி இருப்பிடமும் பதிவாகும். பிறகு கணினி வரைபடத்தில் ஒரு புள்ளியை வைத்துவிடும்.

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் எல்லா அதிர்வும் குழியன்று. பினாங்குப் பாலத்தைக் கடந்தவர்களுக்குத் தெரியும், பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறும்போதெல்லாம் ஒரு 'டக்' ஓசை எழும். குடியிருப்புப் பகுதிகளில் பத்து வீட்டுக்கு ஒன்று என்று சொல்லுமளவுக்கு வேகத்தடைகள் உண்டு; நாம் 'போங்கோல்' என்கிறோமே, அவைதாம். இவற்றை எல்லாம் குழி என்று கணக்கிட்டால் நம் ஊர் வரைபடம் அம்மை போட்ட முகமாகிவிடும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் பாஸ்டன் நகரின் ஏழு வாடகைக் கார்களில் உணரிகளைப் பொருத்தியபோது இந்தச் சிக்கலுக்கு அழகான ஒரு வழி கண்டனர். வேகத்தடையிலும் பாலத்து இணைப்பிலும் இடது வலது சக்கரங்கள் இரண்டும் ஒன்றாக ஏறுகின்றன. குழியிலோ பெரும்பாலும் ஒரு பக்கச் சக்கரம் மட்டுமே விழுகிறது. வண்டி ஒருபக்கமாகச் சாய்கிறது. அந்தச் சாய்வைப் பார்த்துக் குழியைப் பிரித்தெடுத்தனர். அக்குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் சென்னை ஐஐடியில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணன்.

பாஸ்டன் பணக்கார நகரம். நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு அதற்கு முந்திய ஆண்டே இலங்கையில் பிறந்துவிட்டது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியைச் சேர்ந்த கசுன் டி சொய்சா, சமத் கெப்பிட்டியாகம ஆகியோர் உள்ளிட்ட குழுவினர் 2007-இல் 'பஸ்நெட்' என்ற திட்டத்தை முன்வைத்தனர். உணரியைப் பொதுப் பேருந்தில் வைக்க வேண்டும். பேருந்து நாள் முழுதும் ஓடித் தகவலைச் சேர்க்க வேண்டும். பேருந்து நிலையத்திற்குத் திரும்பியதும் அங்குள்ள பெட்டிக்குக் கம்பியில்லா முறையில் அத்தகவல் இறங்கிவிட வேண்டும். இவ்வளவுதான் திட்டம். தொலைபேசிக் கட்டணம் இல்லை. சாலையோரம் எங்கும் கம்பம் நட வேண்டியதும் இல்லை. கடிதப் பையைச் சுமந்து வரும் தபால்காரர் போலப் பேருந்தே தகவலைச் சுமந்து வருகிறது. காசில்லாத நாட்டுக்கு ஏற்ற அறிவு இது. பேருந்தைத் தேர்ந்தெடுத்ததைத்தான் நான் இதில் மிகவும் மதிக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். முடுக்கமானிக்குக் கண் கிடையாது. சக்கரம் விழுந்த குழி மட்டுமே அதற்குத் தெரியும். சக்கரம் விலகிச் சென்ற குழி தெரியாது. ஒரு சாலையில் தினமும் போய் வருபவர் அங்குள்ள குழியை ஒருமுறைதான் சந்திப்பார். மறுநாள் வளைத்துக்கொண்டு போய்விடுவார். ஆக, ஊர்க்காரர்கள் நன்றாக அறிந்து வைத்திருக்கும் மோசமான குழிதான் கார்களில் இருக்கும் உணரிக்கு அகப்படாமல் போகும்! பேருந்தால் அப்படி நெளிந்து போக முடியாது. அதே வழியில், அதே தடத்தில், ஒரு நாளைக்குப் பலமுறை போகிறது. நேற்று பதிந்த கோட்டையும் இன்று பதிந்த கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாலை எந்த வாரத்தில் கெடத் தொடங்கியது என்பதே தெரிந்துவிடும். நம் நாட்டில் இது முக்கியம். பாஸ்டனில் பனி உறைந்து உருகிச் சாலையைப் பிளக்கிறது. இங்கே மழைநீர் விரிசலுக்குள் இறங்கி, கனரக லாரிகளின் அழுத்தத்தில் தாரையும் கல்லையும் பிரித்துவிடுகிறது. அடைமழை வாரம் ஒன்று போதும். ஆண்டுக்கு ஒருமுறை லேசர் கருவி பொருத்திய விலையுயர்ந்த வண்டியை அனுப்பி அளப்பது நெடுஞ்சாலைக்குச் சரி. போன செவ்வாய்க்கிழமை விழுந்த குழிக்கு அது மருந்தாகாது.

பாஸ்டன் நகராட்சி பிறகு இன்னொரு பாடத்தையும் கற்றது. 2012-இல் 'ஸ்ட்ரீட் பம்ப்' என்ற கைத்தொலைபேசிச் செயலியை அது வெளியிட்டது. பொதுமக்கள் காரோட்டும்போது அதை இயக்கி வைத்தால் போதும். திட்டம் பாராட்டுப் பெற்றது. ஆனால், 2013-இல் ஆய்வாளர் கேட் கிராஃபர்ட் ஒரு நியாயமான கேள்வியை எழுப்பினார். விலையுயர்ந்த கைத்தொலைபேசி யாரிடம் இருக்கிறது? வசதியானவர்களிடமும் இளைஞர்களிடமும். அவர்கள் ஓட்டும் சாலைகளின் குழிகள்தாம் பதிவாகும். முதியோரும் ஏழைகளும் வாழும் பகுதியில் சாலை எப்படி இருந்தாலும் கணினிக்கு அது வழவழப்பான சாலையே. அந்நகராட்சி இந்த ஆபத்தை அறிந்து, எல்லாப் பகுதிகளுக்கும் சமமாகச் செல்லும் தன் சொந்தச் சாலைப் பரிசோதகர்களிடம் முதலில் செயலியைக் கொடுத்தது என்று அமெரிக்க அதிபர் மாளிகையின் 2014-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. (அவர்களுக்குக் கிடைத்த மற்றொரு வியப்பு: வண்டியைத் தூக்கிப் போட்டவற்றில் பெரும்பங்கு குழிகளே அல்ல, சாலை மட்டத்திலிருந்து கீழிறங்கிப் போன நிலத்தடிக் குழாய்களின் இரும்பு மூடிகள். நம் ஊரில் புதிதாகத் தார் போட்ட சாலையில் மூடி மட்டும் கிணறு போல உள்ளே கிடப்பதைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.)

கேட் கிராஃபர்டின் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 6,167 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். எல்லா விபத்துக்கும் குழி காரணமில்லை என்பது உண்மைதான். ஆயினும், காரில் போகிறவருக்குக் குழி என்பது டயர் செலவு. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அது உயிர். பட்டர்வொர்த்திலும் பிறையிலும் வாழும் நம்மவர் எத்தனை பேர் அதிகாலை இருட்டில் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள்! மழை பெய்து குழியில் நீர் நிறைந்துவிட்டால் சாலையும் குழியும் ஒன்று போலத்தான் தெரியும். என் தந்தையும் அப்படிப் போய் வருகிறவர்தாம். மழை நாளில் அவர் 'வந்துட்டேன்' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பும் வரை அம்மா சமையலறையில் எதையாவது உருட்டிக்கொண்டே இருப்பார். கார் வைத்திருப்பவர்கள் கொடுக்கும் தகவலை நம்பிச் சாலையைச் செப்பனிட்டால், அதிகம் சாகிறவர்களின் பாதை கடைசியில்தான் சரியாகும்.

இதனால்தான் குப்பை லாரி என்கிறேன். நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பேருந்து முதன்மைச் சாலைகளில் மட்டுமே ஓடுகிறது. படகுத்துறையில் கிளம்பும் 101-ஆம் எண் பேருந்து பத்து ஃபெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போகும். ஆனால் அந்த வழியிலுள்ள சந்து பொந்துகளுக்குள் நுழையாது. குப்பை லாரியோ மலிவு வீட்டுக் குடியிருப்புக்கும் போகிறது, பங்களா வரிசைக்கும் போகிறது, கம்பத்துக்கும் போகிறது. ஆயர் ஈத்தாம் சந்தானாலும் ஜெலுத்தோங் பின்தெருவானாலும் அதற்கு ஒன்றுதான். வசதி பார்த்து வீடு தேடும் வழக்கம் அதற்கு இல்லை. இதில் நமக்கு ஒரு சாதகமும் உண்டு. 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்தபோது பினாங்கு அதில் சேரவில்லை. குப்பை அள்ளும் பொறுப்பு ஊராட்சி மன்றங்களின் கையிலேயே தங்கியது. தன் பொறுப்பிலுள்ள வேலைக்கு ஓடும் வண்டியில் ஓர் உணரியை வைக்க மாநகர் மன்றம் எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

தொழில்நுட்பச் சிக்கல் இல்லாமல் இல்லை. குப்பை லாரி ஊர்ந்து போகும், அடிக்கடி நிற்கும், குப்பையை நசுக்கும் இயந்திரம் வண்டியையே உலுக்கும். நிற்கும் நேரத்துப் பதிவைத் தள்ளிவிடலாம். மெதுவாகப் போகும்போது என்ன செய்வது? இங்கேதான் நம் 'நெரிசெல்' கைகொடுக்கிறது. குறைந்த வேகத்தில் குழியில் இறங்கினால் கூர்மையான கோடு வராது, அதற்குப் பதிலாகச் சிறிது நேரம் நீடிக்கும் ஒரு தாழ்வு வரும் என்பதை அவர்கள் அப்போதே கவனித்து, மெதுவான வண்டிக்குத் தனிக் கணக்கு வகுத்தனர். பெங்களூர் நெரிசலில் வேறு வழியும் இருந்திருக்காது!

இப்போது கடினமான பகுதிக்கு வருவோம். கருவி இருக்கிறது, வண்டி இருக்கிறது. சாலை யாருடையது? தீவைச் சுற்றி வரும் ஆறாம் எண் சாலை கூட்டரசு சாலை. அதிலிருந்து பிரியும் சாலை மாநிலத்துடையதாக இருக்கலாம். அடுத்த தெரு மாநகர் மன்றத்துடையது. பினாங்குப் பாலம் நெடுஞ்சாலை நிறுவனத்தின் பராமரிப்பில் இருக்கிறது. அவற்றின் மீது ஓடும் ரேப்பிட் பினாங்கு பேருந்துகள் 2007-இல் சேவையைத் தொடங்கியவை. அவை நிதியமைச்சுக்குச் சொந்தமான பிராசாரானா நிறுவனத்தைச் சேர்ந்தவை. ஒரே பேருந்து ஒரே பயணத்தில் பல எசமானர்களின் சாலையில் ஏறி இறங்குகிறது. பயணிக்குக் குழி மட்டும் ஒன்றுதான். 2023-இல் பொதுப்பணி அமைச்சு 'மைஜாலான்' என்ற புகார்ச் செயலியை அறிமுகப்படுத்தியது. யாருடைய சாலை என்று குடிமகன் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் ஒரே இடத்தில் புகார் சொல்லலாம் என்பது அதன் சிறப்பு. வரவேற்கிறேன். ஆனால், புகார் என்பது நேரமும் துணிவும் உள்ளவர்களின் கருவி. இரவு வேலை முடிந்து வருபவர் வண்டியை நிறுத்திப் படம் பிடிப்பாரா?

பணத்தையும் பார்க்க வேண்டும். மாநிலச் சாலைகளைப் பராமரிக்க நம் அரசியலமைப்பின் 109-ஆவது விதியின்படி கூட்டரசு மானியம் தருகிறது. அந்த மானியத்தின் அடிப்படைக் கணக்கு, ஒரு மைல் சாலையைக் குறைந்தபட்சத் தரத்தில் பராமரிக்க ஆகும் சராசரிச் செலவை மொத்தச் சாலை நீளத்தால் பெருக்குவது. சாலை எவ்வளவு நீளம் என்பதே அங்குக் கேள்வி. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதன்று. ஒவ்வொரு தெருவின் நிலையும் வாரந்தோறும் எண்ணாகக் கையில் இருந்தால், மாநில அரசு வெறும் நீளத்தை அல்லாமல் நிலையையும் காட்டிப் பேசலாம். என்னைக் கேட்டால், குழி அடைப்பதைவிட இதுவே பெரிய பயன்.

இத்தனை தரப்பையும் ஒரு மேசையில் உட்கார வைக்க முடியுமா? இந்தியாவின் நாக்பூர் நகரம் 2021-இல் உட்கார வைத்தது. 'ஐராஸ்தே' என்ற அத்திட்டத்தில் நாக்பூர் மாநகராட்சி, ஐதராபாத்தின் தகவல் தொழில்நுட்பக் கழகத்திலுள்ள செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையம், மத்தியச் சாலை ஆய்வுக் கழகம், மஹிந்திரா நிறுவனம், இன்டெல் நிறுவனம் ஆகியவை கைகோத்தன. நகரப் பேருந்துகளில் கேமராக் கருவிகள் பொருத்தப்பட்டன. அவை ஓட்டுநரை எச்சரிப்பதோடு, விபத்து நடக்கக்கூடிய இடங்களை முன்கூட்டியே குறித்துக் கொடுத்தன. அவரவர்க்கு ஒரு வேலை; ஒருவர் வேலையை மற்றவர் செய்யவில்லை.

அப்பட்டியலில் இன்டெல் இருப்பதைக் கவனித்தீர்களா? அந்நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் தொழிற்சாலை 1972-இல் நம் பாயான் லெப்பாஸில்தான் எழுந்தது. வாகன உணரிகளுக்குப் பெயர் பெற்ற போஷ் நிறுவனம் சில்லுகளையும் உணரிகளையும் சோதிக்கும் மையம் ஒன்றை 2023 ஆகஸ்டில் பினாங்கில் திறந்தது. உலகத்து வண்டிகளுக்குள் போகும் பொருள்கள் நம் பெற்றோர், அண்ணன், அக்காள் கைகளில் சோதிக்கப்பட்டுக் கப்பலேறுகின்றன. அந்தக் கைகள் வேலைக்குப் போகும் சாலையைச் சோதிக்க அவற்றில் சிலவற்றைக் கேட்பது பேராசையா? இந்த நிறுவனங்களிடம் நன்கொடை கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. திருவிழாவுக்கும் கேட்கிறோம், விளையாட்டுப் போட்டிக்கும் கேட்கிறோம். நான் கேட்பது நன்கொடையன்று. ஓராண்டுக்கு இரண்டு பொறியியலாளர்களின் வார இறுதி.

சேர்ந்து செய்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தொடக்கத்தில் எழுதி வைக்காவிட்டால், ஊர்ச்சாலையின் தகவல் ஒரு நிறுவனத்தின் பெட்டகத்துக்குள் போய்விடும். பிறகு அதை நமக்கே விலைக்கு விற்பார்கள். ஆகவே, தகவல் மாநகர் மன்றத்துக்குச் சொந்தம், வாரந்தோறும் பொதுமக்கள் பார்வைக்கு வரும், எந்தப் பல்கலைக்கழகமும் அதனைப் பயன்படுத்தலாம் என்ற மூன்றையும் முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பேருந்தும் குப்பை லாரியும் பொதுச்சேவை வண்டிகள் என்பதால் எந்தக் குடிமகன் எங்கே போனான் என்ற இரகசியம் இதில் கசியாது. தனியார் கைத்தொலைபேசியைத் தவிர்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். லாரி ஓட்டுநரை வேவு பார்க்க இதைப் பயன்படுத்தக்கூடாது என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் முதல் மாதத்திலேயே உணரிகள் 'தானாகவே' கழன்று விழும்!

அதிகாரிகளுக்கு இதில் ஒரு தயக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். குழி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், தெரியாது என்று சொல்ல முடியாமல் போய்விடும். அடைக்க ஆளும் பணமும் போதாத நிலையில் ஆயிரம் சிவப்புப் புள்ளிகளோடு ஒரு வரைபடத்தை வெளியிட எந்த மன்றம் விரும்பும்? அத்தயக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிள்கள் அதிகம் ஓடும் சாலை, வெளிச்சம் குறைந்த வளைவு, பள்ளிக்கூட வாசல் என்று ஒரு வரிசையை மன்றமே அறிவிக்கட்டும். வரிசை தெரிந்தால் மக்கள் காத்திருப்பார்கள். எந்த ஒழுங்கும் தெரியாமல் காத்திருப்பதுதான் எரிச்சலைத் தருகிறது.

மாணவர்களாகிய நம் பங்கு எங்கே? முடுக்கமானியை வைத்துக் குழியைக் கண்டுபிடிப்பது இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு எல்லா நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் விருப்பமான தலைப்பு. ஒவ்வொருவரும் தனியாகத் தொடங்குகிறோம். ஒரு காரில் ஒரு வாரம் ஓட்டுகிறோம். படவில்லைகளில் காட்டி மதிப்பெண் வாங்குகிறோம். அடுத்த ஆண்டு வருபவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். முன்னவர் சேர்த்த பதிவு எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. நம் பல்கலைக்கழகத்தின் கணினியியல் பள்ளி மிண்டேனில் இருக்கிறது. பொறியியல் வளாகம் நிபோங் திபாலில் இருக்கிறது. இடையில் பாலம்தான். ஒரே பெட்டகத்தில், ஒரே முறையில் பெயரிட்ட பதிவுகளை ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே போனால், பின்னால் வருபவர்கள் சக்கரத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்காது.

அதில் முதல் வேலை மிகவும் சலிப்பானது. எந்தப் பதிவு போங்கோல், எந்தப் பதிவு இரும்பு மூடி, எது பாலத்து இணைப்பு, எது உண்மையான குழி என்று யாராவது நேரில் போய்ப் பார்த்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுத வேண்டும். கணினிக்கு இதைக் கற்றுத் தர வேறு குறுக்குவழி இல்லை. பத்துப் பேருந்து, பத்துக் குப்பை லாரி, ஓராண்டு என்று வைத்துக்கொண்டால் அதற்கு நாற்பது மாணவர்கள் போதும் என்பது என் கணிப்பு. சுங்கை டுவாவிலிருந்து தொடங்கலாம். விடுதியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம்.